மாத்திரை எழுதாத டாக்டர்

"கண்டக்டர், வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

இது இரண்டாவது தடவை. கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் தடவை பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிஷம் போயிற்று. இப்போது ஒரு பள்ளிக்கூட வாசலில்.

இறங்கி விறுவிறுவென்று உள்ளே ஓடிய அம்மாள் சிறுநீரக டாக்டர். பஸ்ஸை ஓட்டுவது கண்டக்டரின் மனைவி. அவளுக்கு வைத்தியம் பார்ப்பவரும் இந்த டாக்டர்தான்.

மனைவியின் சிறுநீரகம் பாதிக்குமேல் பழுது. கால் வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது. நீர் நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். நீர் பிரியும் மாத்திரையை முந்தைய டாக்டர் இரண்டு தடவை கூட்டிக் கொடுத்தும் வீக்கம் இம்மியும் வடியவில்லை.

அதனால்தான் நேற்று இந்த டாக்டரிடம் போனார்கள். எந்த ரூட், எத்தனை மணிக்கு வண்டியை எடுப்பீர்கள் என்று சம்பந்தமில்லாமல் விசாரித்தார். எந்த மாத்திரை என்று நாளைக்குச் சொல்கிறேன் என அனுப்பிவிட்டார்.

இன்றைக்கு என்னடாவென்றால் பஸ் சவாரி.

"இவ்வளவு படிச்சவங்களுக்கு ரெண்டு மணி நேரம் அடக்கத் தெரியாதா? இது என்ன இவங்க அப்பன் வீட்டு வண்டியா?" வண்டி முழுக்கக் கேட்கும்படி பொரிந்து தள்ளினார் கண்டக்டர்.

கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். டாக்டர் நேராக டிரைவர் சீட்டுக்கு வந்தார்.

"காலை மாத்திரையை நீங்க போடறதே இல்லை. சரியாம்மா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "போட்டா வண்டி ஓட்ட முடியல டாக்டர்."

கண்டக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது? ரெண்டு தடவை நிறுத்தினதுக்கே இவங்களை அந்தத் திட்டு திட்டினீங்களே."



டாக்டர் சீட்டு எழுதி நீட்டினார். "உங்க சிறுநீரகத்துக்கு இந்த வகை மாத்திரைதான் கேட்கும். ஆனா இதுலயே மெதுவா வேலை செய்யறது ஒண்ணு இருக்கு. மத்தியானம் டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் போடுங்க."

"இது ரிப்போர்ட்லயே தெரியுமா டாக்டர்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் கண்டக்டர்.

"ரிப்போர்ட்ல எங்க தெரியும்? இவங்களுக்கு எழுதியிருந்த அதே மாத்திரையை, அதே அளவு, காலையில நானே போட்டுக்கிட்டுத்தான் உங்க பஸ்ல ஏறினேன்."

பதினோரு வருஷ சர்வீஸில் கண்டக்டர் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒரு பயணிக்காக அவர் எழுந்து நின்றது அன்றைக்குத்தான்.