லீவு போடாத பிள்ளை

கலைப்பிரியாவின் விலை ஒரு கணக்கு டீச்சர்.

பிரம்மதேசத்துக்குப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் சவரிநாதன் படியவைத்த பேரம் அது. ஊருக்குள் மஞ்சள் வேன் வரத் தொடங்கியதிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திண்டிவனத்து இங்கிலீஷ் பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக் கணக்கில் ஒரு தலை குறைந்தாலும் கணக்கு டீச்சர் எலிசா உபரி. வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள்.

எலிசா வருவதற்கு முன் அந்தப் பள்ளியிலிருந்து உதவித்தொகைத் தேர்வில் ஒருவரும் தேறியதில்லை. போன வருஷம் ஏழு பேர். இந்த வருஷத்துக்கு அவர் விரல் மடக்கிய முதல் பெயர் கலைப்பிரியா.

ஜூன் கடைசியில் நின்றுபோனதும் அவள்தான்.

சவரிநாதன் மல்லாட்டை மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. வேர்க்கடலை மூட்டையில் நாலு கல்லைப் போட்டு எடை காட்டுவது அவர் பார்க்காத வித்தையில்லை. காலையில் ஒரு கோடு, மதியம் ஒரு கோடு. எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் கலைப்பிரியா ஒரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

இப்போது ஆவணி. கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்த பிறகு, விழுப்புரத்திலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய சமூகநல அலுவலர் அம்சா அந்தக் கோடுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் ஒரு மொட்டைக் கடிதம். பெண்ணுக்கு வயது பதின்மூன்று, மாப்பிள்ளைக்கு ஊர் கெடார், நாளை விடியற்காலை தாலி, எப்படியாவது நிறுத்துங்கள்.

விரல் இன்றைய தேதியில் வந்து நின்றது.

"விடிஞ்சா கல்யாணத்த வெச்சிக்கினு எவன் சார் பொண்ண ஸ்கூலுக்கு அனுப்புவான்? வீட்டாண்ட போனேன், பூட்டிக் கெடக்குது. எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் எழுதிப் போட்டுட்டான், பேஜாரு நமக்கு."

அந்தப் பெண் இரண்டு மாதமாக வரவில்லை. ஒரே ஒரு வாக்கியம். சவரிநாதனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எலிசா போவார். அவர் பின்னாலேயே இவர் வேலையும் போகும்.

"டீ சாப்புட்டுப் போங்கம்மா," என்றார்.

அம்சா கடிதத்தைக் கசக்கி மேசைமேல் போட்டார். கோழி கிளறினாற்போல் கோணல்மாணலான எழுத்து. போன வாரம் திண்டிவனம் தபால் ஆபீஸில், தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அதை இடது கையால் எழுதியவர் சவரிநாதன்.

"பொய்ப் புகார்னு முடிச்சிடறேன். இன்னிக்கு ஸ்ட்ரென்த் மட்டும் எழுதி சீல் வெச்சிக் குடுங்க சார். ஜல்தியா கெளம்பணும்."

வலது கையால் எழுதினார்.

எட்டாம் வகுப்பு. பதிவு 31. வருகை 31. வராதவர் இல்லை.