மூழ்கிய நாட்டின் தூதர்

ஆளுங்கட்சித் தலைவரின் வழக்குகளையெல்லாம் வென்று கொடுத்தமைக்குப் பரிசாக, வழக்கறிஞர் வேதரத்தினத்திற்குத் தூதர் பதவி கிடைத்தது. வாய்த்த நாடோ, கடலில் மூழ்கிவிட்ட நெடுந்திட்டு. அதன் மக்களும் அரசும் கப்பல்களில் வாழ்ந்தனர். ஆயினும், புதிய தூதர் தம் நியமனக் கடிதத்தை அந்நாட்டு மண்ணில் நின்றே அளித்தல் வேண்டும் என்பது அவர்களது மரபு.

ஆகவே நெடுந்திட்டு மூழ்கிய இடத்தில் அவர்களுடைய படகிலிருந்து இறங்கி, கறுப்புக் கோட்டுடன் இடுப்பளவு நீரில் நின்றார் வேதரத்தினம். கடல் ஏறிக்கொண்டிருந்தது. படகில் அமர்ந்திருந்த அதிபர் பாஸ்கலீனா கடிதத்தை வாங்கவில்லை.

"என்னைய ஞாபகம் இருக்கா, வக்கீலய்யா? எங்க சனத்தக் கரையேத்தச் சொல்லி உங்க ஊரு கோர்ட்டுல கேஸ் போட்டவ நான். 'மூழ்கினது நாடே இல்ல, வெறுங்கடல்'னு வாதாடி ஜெயிச்சீங்க. கரையப் பாத்துக்கிட்டே எம்புருசன் படகுல செத்தாரு."

"அது தொழிலும்மா. கடிதத்த வாங்கிக்கங்க. தண்ணி நெஞ்சுக்கு வந்துடுச்சு."

"ஒரே கேள்வி. இப்ப நீங்க நிக்கிறது மண்ணா, கடலா?"

கடல் என்றால் பதவி இல்லை. மண் என்றாலோ, அன்று அவர் வாதாடியது பொய்யாகிவிடும். படகிலிருந்தோர் அனைவரும் அவர் வாயையே பார்த்திருந்தனர்.

"மண்ணுதாம்மா," என்றார் வேதரத்தினம்.

பாஸ்கலீனா கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வேதரத்தினம் ஏறுவதற்காகப் படகின் விளிம்பைப் பற்றினார். அதிபர் குனிந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

"மண்ணுல நிக்கிறவருக்குப் படகு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, துடுப்புப் போடுமாறு கையசைத்தார்.