விரிப்பின் மறுமுனை

“கெட்டியாப் பிடி! கீழ விட்டேன்னா மறுபடியும் தோய்க்கணும்!”

வாயாடி என்பவள் கத்த, புதுசு என்பவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்பின் முனைகளைப் பிடித்தாள். பெரிய ஹோட்டலின் தரைக்குக் கீழே இருந்த சலவைக்கூடம் அது. படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று உதறி, நெருங்கி வந்து முனையைக் கொடுத்து, மறுபடி விலகிப் போக வேண்டும். ஷிப்டு மாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இருவரும் சேர்ந்து மடிப்பார்கள். ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் அதற்குள் பேசித் தீர்த்தாக வேண்டும்.

“இன்னிக்காவது ரோட்டைத் தாண்டினியா?”

“தாண்டிட்டேன் அக்கா! ஒரு அம்மா குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. குழந்தைன்னா காரெல்லாம் நிப்பாட்டுவாங்கன்னு ஒட்டிக்கிட்டே போனேன். அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தா, வண்டிக்குள்ள குழந்தை இல்ல. முட்டைக்கோஸ்!”

வாயாடி சிரித்த சிரிப்பில் விரிப்பு தரையைத் தொடப் பார்த்தது.

“நகருற படிக்கட்டு?”

“அதுல தப்பா ஏறிட்டேன். கீழ போகணும், அது மேல போகுது. ஓடறேன் ஓடறேன், இருந்த இடத்துலயே இருக்கேன். ஒரு தாத்தா பக்கத்துல நின்னு, ‘தினமும் இப்படித்தான் உடற்பயிற்சியாம்மா?’ன்னு கேட்டுட்டுப் போறார்.”

புதுசு வந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவளுடைய உண்மையான பெயர் வாயாடிக்குத் தெரியாது. கேட்டதற்கு, “பட்டணத்துல பேரையும் விலாசத்தையும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க” என்றாள். “நல்ல அம்மா! எங்கம்மாவும் இதேதான் சொல்லி அனுப்பினாங்க” என்று வாயாடியும் ஒப்புக்கொண்டாள். அதனால் ஒருத்தி புதுசு, ஒருத்தி வாயாடி.

எல்லாமே பிடித்திருந்தது புதுசுக்கு. வேலை, விளக்குகள், ஆளை அள்ளிக்கொண்டு போகும் பஸ், எல்லாமே. தங்கியிருக்கும் அறை ஒன்றுதான் கசந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார். தங்கும் இடம் சரியில்லை என்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

“நல்லா இருக்குன்னு பொய் சொல்லேன்டி.”

“அப்பாகிட்ட பொய் சொன்னா எனக்கு விக்கல் வந்துடும் அக்கா.”

“அப்படி என்னதான் செய்யறா உன் ரூம்காரி?”

“மூஞ்சியே காட்ட மாட்டேங்கிறா. என் சோப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு அப்பளம் மாதிரி ஆக்கிட்டா. நேத்து என் பிஸ்கட் பாக்கெட்டைத் திறந்து பார்க்கறேன், உள்ள ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுவும் பாதி கடிச்சது!”

“சீ, என்ன ஜென்மம்!” வாயாடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எனக்கும் ஒருத்தி வாய்ச்சிருக்காளே! கட்டிலுக்கு நேர் மேல கொடி கட்டி ஈரத் துணியைக் காயப்போடறா. கண்ணை மூடினா மூக்கு மேல சொட்டு சொட்டுனு விழுது. மழைன்னு நினைச்சு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.”

“ஐயோ பாவம். இப்படிக்கூட இருப்பாங்களா அக்கா?”

“இருப்பாங்க. நீ சும்மா விடாதே. சோப்பை ஒளிச்சு வை. அவ தலையணையைத் தூக்கி அலமாரி மேல போடு. செருப்பைக் கட்டில் அடியில தள்ளி விடு. தேடித் தேடிச் சாகட்டும்!”

சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள் புதுசு. ஆனாலும் நிம்மதி வரவில்லை. சனிக்கிழமை காலையில் அழாத குறையாக வேலைக்கு வந்தாள். வேலை முடிந்து கிளம்ப நின்ற வாயாடிக்கும் கழுத்து சுளுக்கி, மூஞ்சி கடுகடுவென்று இருந்தது. ராத்திரி முழுக்க மூட்டை தூக்க விட்ட மேற்பார்வையாளரைத் திட்டித் தீர்த்தாள்.

“நாளைக்கு அப்பா வந்துடுவாரு அக்கா. அவ்வளவுதான். நான் போயிடுவேன்.”

வாயாடி கையில் இருந்த விரிப்பை அப்படியே போட்டாள்.

“ஏன்டி, நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தா என்ன?”

புதுசு வீலென்று கத்தினாள். வாயாடியும் கத்தினாள். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று மேற்பார்வையாளர் வாளியோடு ஓடி வந்தார்.

“நான் இப்பவே போய்க் காலி பண்றேன்னு சொல்லிடறேன். நீயும் சொல்லிடு. சாயங்காலம் ரூம் தேடுவோம்!” என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டே ஓடினாள் வாயாடி.

மதியம் இஸ்திரி மெஷின் புகை விட்டு நின்றுபோக, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புதுசு பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரே ஓட்டமாக வந்தாள். வீட்டுக்காரம்மா வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, நான் ரூமைக் காலி பண்றேன்!”

“நீயுமா? காலையிலதான் அவ வந்து அதையே சொன்னா. உன் தொல்லை தாங்கலையாம்.”

“என் தொல்லையா!” புதுசுக்கு மூக்கு விடைத்தது. ஆனால் மறுகணமே குதித்தாள். “இருங்க, அவ போறாளா? அப்ப நான் போகல ஆன்ட்டி! அவ இடத்துக்கு என் சிநேகிதியைக் கூட்டிட்டு வரேன். தங்கமான பொண்ணு. நாளைக்கு அப்பாவுக்கும் காட்டிடுவேன்!”

“எவ வந்தா எனக்கென்ன? ராத்திரி நீயும் பகல்ல அவளுமா மாத்தி மாத்திப் படுக்கறீங்க, ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்ததில்ல. போறப்பவாவது பார்த்துக்கோங்க” என்ற வீட்டுக்காரம்மா மாடியை நோக்கிக் குரல் கொடுத்தாள். “அம்மாடி, உன் கூட்டாளி வந்துட்டா!”

மேலே கதவு படாரென்று திறந்தது.

“வந்துட்டாளா அந்த மகராசி? இருங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் போவேன்!” என்று கத்திக்கொண்டே, பெட்டியும் கையுமாகத் தடதடவென்று இறங்கி வந்தாள் வாயாடி.