அக்கா இருக்கும் படம்

தன் அக்கா ரஞ்சனுக்கு ஐந்து லட்சம் விலை போட்டார் சூரத் சேலை வியாபாரி ஜயந்திபாய். தனியாக வசித்த ஐம்பது வயது அக்காவைக் காணோம். கண்டுபிடித்துக் கொடுத்தால் பரிசு.

"பன்னெண்டு நாளாச்சு! தூங்குறீங்களா சாஹேப்?" போலீஸ் ஸ்டேஷன் மேசையைத் தட்டினார்.

"போட்டோ இல்லாம எப்படித் தேடறது சேட்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆதார் கார்டும் அவங்களோட போயிருச்சு. இந்தாங்க, எங்க வீட்டு நாலு கல்யாண ஆல்பம்."

இன்ஸ்பெக்டர் நான்கையும் புரட்டினார். "இதுல அக்கா எங்க?"

"விதவை சாஹேப்! சுபகாரியத்துல படத்துக்கு வந்து நிப்பாங்களா? சமையல்கட்டுல இருந்தாங்க."

"நாலு கல்யாணத்துக்குமா?"

"பின்னே, நானூறு பேருக்கு லட்டு யாரு பிடிக்கிறது?"

"ஆயிரத்து நூறு படம்! வாசல்ல படுத்திருந்த நாய்கூட இருக்கேய்யா!"

புகார்ப் படிவத்தில் 'காணாமல் போன தேதி' என்ற இடத்தில் இருந்ததை அடித்துவிட்டு, பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய முதல் ஆல்பத்துக் கல்யாணத்தின் தேதியை, காகிதம் கிழிய எழுதினார் இன்ஸ்பெக்டர்.