சனிக்கிழமை வீக்கம்

இடது கன்னத்தைக் கையால் தாங்கியபடி செங்கோடன் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவுக்குள் வந்தார். கன்னம் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது.

"பல்லு வீங்கிப்போச்சுங்க அம்மணி," என்று அவருக்குப் பதிலாக மனைவி தெய்வாத்தாள் சொன்னார். "ராத்திரியெல்லாம் ஒரே முனகல். அதும் இன்னைக்குன்னு பாத்து வருது பாருங்க."

ஊசியைப் பிரிக்கப் போன வர்ஷினி அதைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். போன சனிக்கிழமை சளிக்காய்ச்சல். அதற்கு முந்தின சனிக்கிழமை கணுக்கால் சுளுக்கு.

ரத்தத்தில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்களின் மேல் சின்னச் சின்னச் சர்க்கரைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். அவை ஒட்டியிருக்கும் விதத்தைக் கொண்டு, மாரடைப்பு வரக்கூடியவரை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா என்பதுதான் வர்ஷினியின் ஆராய்ச்சி. உடம்பில் எங்கே வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலும் அந்தச் சர்க்கரை மாறிவிடும். அப்புறம் அது இதயம் சொல்லும் சேதியா, பல் சொல்லும் சேதியா என்று பிரிக்க முடியாது. அதனால் வீக்கத்தோடு வருகிறவரிடம் ரத்தம் எடுப்பதில்லை.

செங்கோடனைப் போன்ற ஆள் கிடைப்பது அரிது. அப்பாவும் அண்ணனும் மாரடைப்பில் போனவர்கள். அவருக்கோ இதுவரை ஒன்றுமில்லை. அந்த வகையில் இன்னும் ஒரே ஒருவர்தான் தேவை, ரத்தம் சேகரிப்பதற்கு இன்றுதான் கடைசி நாள்.

"ஊசின்னா பயமாங்க ஐயா?"

"ம்ம்," என்று செங்கோடன் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"சிங்காநல்லூர்ல பம்பு செட் பட்டறை வெச்சு இருவது பேரை வெரட்டி வேலை வாங்கற மனுசன்!" தெய்வாத்தாள் தலையில் அடித்துக்கொண்டார். "இவரு நெஞ்சுக்காக நாலு வருசமா எங்கூட்டுல எண்ணெய் கெடையாது, நெய் கெடையாது. அவரு குடிக்கற கம்பங்கூழைத்தான் நானும் குடிக்கறேன். ஒரு சொட்டு ரத்தம் குடுக்க இந்தப் பாடு படுத்தறாரே!"

வர்ஷினிக்கு அந்த அம்மாளின் மேல் இரக்கம் வந்தது. வெறும் வயிற்றோடு வருகிறவர்களையும் துணைக்கு வருகிறவர்களையும் பட்டினியாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அங்கே வழக்கம். போன இரண்டு வாரமும் கொடுத்ததுபோல நெய் ரோஸ்ட்டுக்கான இரண்டு கேண்டீன் டோக்கன்களை எடுத்து நீட்டினாள்.

"நீங்க முன்னால போய்ச் சாப்பிடுங்கம்மா. நான் ஐயாகிட்டக் கொஞ்சம் பேசறேன்."

"அவருக்கு நெய் ரோஸ்ட் ஆகாதுங்க. ரெண்டையும் நானே வெச்சுக்கறேன்." டோக்கன்கள் அதற்குள் இடுப்புக்குப் போய்விட்டன. "பேசுங்க அம்மணி, தாராளமாப் பேசுங்க. வீக்கத்தோட மட்டும் குத்திப்போடாதீங்க. அடுத்த சனிக்கிழமை நானே இழுத்துட்டு வாரேன்."

அடுத்த சனிக்கிழமை கிடையாது என்று சொல்ல வர்ஷினி வாயெடுப்பதற்குள் அவர் கதவைத் தாண்டியிருந்தார்.

வர்ஷினி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஐயா, இன்னைக்கு விட்டா எனக்கு வேற ஆள் இல்லீங்க. மூணு வருச வேலை இது."

செங்கோடன் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, நனைந்த பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்து வெளியே வைத்தார். கன்னம் தட்டையானது.

"எடுத்துக்க கண்ணு," என்று சட்டைக் கையைச் சுருட்டினார். "சுருக்கா. அவ வாரதுக்குள்ள."

"அப்ப அந்தக் காய்ச்சல், சுளுக்கு?"

"அதெல்லாமும் இப்படித்தானுங்க."

வர்ஷினி ஈறை அழுத்திப் பார்த்தாள், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றுமே இல்லை. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இத்தனை பயமாங்க ஐயா?"

"பயந்தான் கண்ணு," என்றார் செங்கோடன், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். ஊசி ஏறியபோது அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை.

கேண்டீனில் தெய்வாத்தாளுக்கு முன்னால் இரண்டாவது நெய் ரோஸ்ட் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. செங்கோடன் எதிரே உட்கார்ந்தார். பூரிப்பை மறைக்கத் தெரியாமல் வர்ஷினி பக்கத்தில் போய் நின்றாள்.

"ரத்தம் எடுத்தாச்சுங்கம்மா! வீக்கமே இல்லீங்க, ஐயா வாயில பஞ்சு வெச்சிருந்தாரு. இனி நீங்க சனிக்கிழமையானா அலையவே வேண்டாம்."

ரோஸ்ட்டைப் பிய்த்த கை அப்படியே நின்றது. தெய்வாத்தாள் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுக்குத்தான் நான் காலங்காத்தால எந்திரிச்சு அந்தப் பஞ்சை உருட்டிக் குடுத்தனா?"