வயரிங் தப்பு

“வயரிங்ல தப்பு பண்ணிட்டேன்க்கா, வேற ஒண்ணும் இல்ல” என்றான் இர்பான். கருகிப்போன ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். அதனால் எதிர்வீட்டு ஜெயாவுக்கு அவனுடைய கால்கள்தான் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

ஜெயா இதைக் கேட்பது முதல் தடவை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளுக்குப் புதிதாக இனித்தது. ஒதியம்பட்டில் எங்கள் தெருவுக்கே அப்படித்தான். தப்பைத் தானே ஒப்புக்கொள்கிற ஆள் தினமும் கிடைப்பானா?

பாண்டியில் ஒரு பங்களாவில், இன்ஜின் இல்லாமல் தூசி தின்றுகொண்டிருந்த இரண்டு கதவு வண்டி அது. இர்பான் அதை வாங்கி, வீட்டோரத்து ஷெட்டுக்கு இழுத்துவந்தான். விபத்தில் நொறுங்கிய வேறொரு பெரிய காரின் இன்ஜினைக் கழற்றி இதற்குள் உட்கார வைத்தான்.

அது ஓடிவிட்டால், அரியூர் ரோட்டில் தமிழ்க்குமரன் நடத்தும் ஒர்க் ஷாப்பில் வயரிங் வேலை முழுக்க இர்பானுக்குத்தான் என்று பேச்சு. கூட்டாளி என்று போர்டில் பேர்கூட உண்டாம். அதனால் நாங்களும் வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து பார்த்தோம், தொட்டோம், ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம்.

ஊர்க் கண் மொத்தமும் இந்த வண்டி மேல்தான் இருக்கிறது என்று இர்பானின் அம்மா ஜொஹரா பீவியிடம் ஜெயா பெருமூச்சு விட்டாள். அதில் பாதிக் கண் அவளுடையது.

மறுநாள் வியாழக்கிழமை. பெட்ரோல் ஊற்றி, குழாயை மாட்டி, எங்காவது கசிகிறதா பார்க்கலாம் என்று அப்படியே விட்டுவிட்டு, இர்பான் அந்தித் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனான். அவன் திரும்பி வருவதற்குள் வண்டி கொழுந்துவிட்டு எரிந்தது. ஜொஹரா பீவி வாசலிலேயே நின்றார். தீயணைப்பு வண்டி வந்து அணைத்தபோது மிஞ்சியது கரிக்கூடுதான்.

யார் கேட்டாலும் இர்பானிடம் ஒரே பதில், வயரிங் தப்பு. தமிழ்க்குமரனிடமும் அதையேதான் சொன்னான். பிழைக்கத் தெரிந்தவனாக இருந்தால் எலி கடித்துவிட்டது என்றாவது சொல்லியிருப்பான்.

தமிழ்க்குமரன் கரிக்கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இர்பானின் தோளில் கை போட்டான். “உன் வயரிங்தான் கொளுத்திச்சுன்னு நீயே சொல்ற. அப்பறம் கஸ்டமர் வண்டிய உன் கைல எப்பிடிடா வுடறது? இதயே மறுபடி ஓட்டிக் காட்டு, பாக்கலாம்.”

அன்றிலிருந்து இர்பான் காருக்கு அடியில்தான் குடியிருந்தான். சூட்டில் இன்ஜின் ஹெட் வளைந்துவிட்டது, எடைக்குப் போடு தம்பி என்று வில்லியனூர் லேத்காரர் கையை விரித்தார். அவரிடமே கெஞ்சி அதைச் சீவி வாங்கிவந்து மாட்டினான். உருகி ஒட்டிப்போன வயர்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது வயர்களை ஒவ்வொன்றாக இழுத்து டேப் சுற்றினான்.

வேறு வேலை எதுவும் அவனைத் தேடி வரவில்லை. மிக்சி ரிப்பேரானால்கூட அவனிடம் கொடுக்க எங்களுக்குப் பயம்.

ஜொஹரா பீவி ஷெட் பக்கமே திரும்புவதில்லை. பெற்றவளுக்கே பிள்ளை மேல் நம்பிக்கை விட்டுப்போச்சு என்று ஜெயா தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள். வியாழக்கிழமை அந்தியில் அந்த வீட்டிலிருந்து வருகிற சாம்பிராணிப் புகைகூட நின்றுவிட்டது. வருமானம் போனால் சாம்பிராணியிலா மிச்சம் பிடிப்பார்கள் என்று சிரித்தபடி நாங்கள் கொசுவர்த்தி வாங்கினோம்.

நேற்று வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கப்போகிறான் என்று தெரிந்ததும் தெரு கூடிவிட்டது. ஜெயா முதல் வேலையாகக் கொடியில் காய்ந்த துணிகளை உள்ளே எடுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பக்கிரி ஒரு பக்கெட் மணலோடு வந்து நின்றார். மற்றவர்கள் செல்போனோடு நின்றோம்.

அந்த நேரம் பார்த்துத் தமிழ்க்குமரனிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்குக் கேட்டது. கேட்கிற தூரத்தில்தானே நின்றோம்.

“தப்பா நெனச்சுக்காத இர்பான். கடலூர்லேர்ந்து ஒரு ஆளு வந்துட்டான். போர்டுல பேரும் எழுதியாச்சு.”

“சரிடா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான் இர்பான். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டான்.

“இனிமே இது ஸ்டார்ட் ஆனா இன்னா, ஆவலன்னா இன்னா” என்று பக்கிரி மணல் பக்கெட்டைக் கீழே வைத்தார். அவர் சொன்னது நியாயம்தான். கிளம்பலாம் என்று திரும்பியபோதுதான், மூடிகூடத் திறக்காத பெட்ரோல் கேன் வேலியோரமாகத் தள்ளி இருந்ததைக் கவனித்தோம்.

இது இல்லாமல் எப்படி ஸ்டார்ட் பண்ணுவான் என்று ஜெயா கேட்டு வாய் மூடவில்லை, இர்பான் வீட்டுக்குள் போய்விட்டான். வெளியே வரும்போது ஒரு கையில் அம்மாவின் கை, இன்னொரு கையில் கங்கு கனியும் சாம்பிராணிச் சட்டி.

ஜெயா சட்டென்று நாலு அடி பின்னால் போனாள். ஜொஹரா பீவி ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார். வேணாம்டா, வேணாம்டா என்று உதடு மட்டும் அசைந்தது.

இர்பான் கங்கின் மேல் சாம்பிராணியைத் தூவி, சட்டியை அவர் கையில் கொடுத்தான்.

“இந்த வாட்டி பெட்ரோல் ஊத்தலம்மா. பயப்படாம வண்டிக்குக் காட்டு.”