இருபதாவது ஷாஃப்ட்

கல்லூரிக்கும் பட்டறைக்கும் இடையே பாலம் போட்டாயிற்று என்பது இத்தால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. அந்தப் பாலத்தில் முதல் ஆளாக நடத்திக் கூட்டிவரப்பட்ட தங்கப் பதக்க மாணவிக்கு மைக்ரோமீட்டர் கருவியில் அளவு பார்க்கத் தெரியாது. கேட்கவோ வெட்கம். அதனால் லேத் இயந்திரத்தில் கடைந்து வந்த இரும்புத் தண்டுகளை, அந்த ஷாஃப்டுகளை, அளக்காமலே, மனசுக்குத் தோன்றிய எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை, தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் அவற்றை ஒவ்வொன்றாக அளந்தார். பிடிபட்டால் பதக்கத்தோடு மானமும் போகும் என்று அவள் சுவரோரம் நின்றாள்.

“அட! மயிரிழை பிசகாம நீ எழுதுனதேதான்மா வருது. நம்ம ஆளுங்களும் இருக்கானுங்களே, தண்டச்சோறு!”

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தபோதுதான், இருந்த பத்தொன்பது ஷாஃப்டுக்கு அவசரத்தில் இருபது அளவு எழுதியது நினைவுக்கு வந்தது.

“சார், மொத்தமே பத்தொம்பதுதான்…”

“இருபதும்மா. இந்தா.”

அவர் அவள் கையில் வைத்த ஷாஃப்ட் அப்போதுதான் கடைந்து எடுத்தது போலச் சுட்டது. லேத்தை அன்று இன்னும் யாரும் ஓட்டவே இல்லை.

“நாளைலேருந்து மத்த பிள்ளைங்களுக்கும் நீயே அளவு பாக்கச் சொல்லிக்குடு, என்ன?”

“சரிங்க சார்” என்றாள்.